ஏழு ஆண்டு ஒப்பந்தம் லாபமா, நஷ்டமா? என்.எச்.எல். கணக்கை நீங்களே போடலாம்

வழக்கமாக ஜூலை 1 அன்று, வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் ஃப்ரீ ஏஜென்ட் சந்தை திறக்கும். ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கு அணிகள் கோடிகளைக் கொட்டும். அந்தப் பணம் வீணா, பயனா என்று கணிக்க ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: ஆண்டுச் சராசரி

மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுக்கவும். 2012 ஜூலை 4 அன்று மினசோட்டா வைல்ட் அணி சாக் பரீசே, ரயன் சூட்டர் இருவரையும் ஆளுக்கு 13 ஆண்டு, 9.8 கோடி டாலர் என்று எடுத்தது. சராசரி சுமார் 75.4 லட்சம். வீரர் அந்த ஆண்டு கையில் வாங்குவது எவ்வளவாக இருந்தாலும் அணியின் கணக்கில் ஏறுவது இந்தச் சராசரிதான். இதைக் கேப் ஹிட் என்பார்கள்.

படி 2: உச்சவரம்பில் எத்தனை சதவீதம்?

ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாகச் செலவிடக்கூடிய சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. எல்லா அணிகளுக்கும் அது ஒன்றே. 2013-14இல் அது 6.43 கோடி. அதில் 23 சதவீதத்துக்கு மேல் இந்த இருவருக்கே போனது. டாலரை மறந்துவிட்டுச் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: வயது

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. ஒரு வீரர் தடையற்ற ஃப்ரீ ஏஜென்ட் ஆவதற்கு 27 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது ஏழு பருவங்கள் ஆடியிருக்க வேண்டும். முன்கள வீரர்கள் பொதுவாக இருபதுகளின் நடுவிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறார்கள். ஆகவே அணிகள் வாங்குவது பெரும்பாலும் இறங்குமுகத்தைத்தான். பரீசேவுக்கும் சூட்டருக்கும் அப்போது 27 வயது. ஒப்பந்தம் முடியும்போது 40. ஆண்டுவாரியாக வயதை எழுதி, 32க்குப் பிந்தைய ஆண்டுகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள்.

படி 4: வெளியேற வழி உண்டா?

இருவருக்கும் முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 1.2 கோடி, கடைசி இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10 லட்சம் என்று சம்பளம் பிரிக்கப்பட்டிருந்தது. 2021இல் அணி இருவரையும் பைஅவுட் செய்தது, அதாவது ஒரு தொகை தர ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்தைப் பாதியில் முடித்தது. மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரு பங்கை, மீதமிருந்த நான்கு ஆண்டுகளைப் போல இருமடங்கு காலத்துக்குப் பரப்பித் தர வேண்டும். கடைசி ஆண்டுகளின் சம்பளமே சொற்பம் என்பதால் மிச்சப்படுத்த அதிகம் இல்லை. கேப் ஹிட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது. 2023-24இல் 8.35 கோடி உச்சவரம்பில் சுமார் 1.47 கோடி, அணியில் இல்லாத இருவருக்காகக் கழிந்தது. அடுத்த பருவத்திலும் அதே தொகை. இவர்கள் ஆடிய ஒன்பது பருவங்களில் அணி வென்றதோ இரண்டே பிளேஆஃப் தொடர்கள். ரசிகர்களுக்கு இது பெரிய அநியாயம்.

படி 5: எதிர்வாதத்தையும் சோதியுங்கள்

2019இல் ஃபுளோரிடா பேந்தர்ஸ், 30 வயது கோல்கீப்பர் செர்கெய் பொப்ரோவ்ஸ்கிக்கு ஏழு ஆண்டுக்கு 7 கோடி டாலர் கொடுத்தது. முதல் பருவத்தில், கோலை நோக்கி வந்த ஷாட்களில் அவர் தடுத்த விகிதம் வெறும் .900, அதாவது 90 சதவீதம். நீண்ட ஒப்பந்தங்களின் ஆபத்துக்கு அவரையே உதாரணம் காட்டினார்கள். ஆனால் 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளும் லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பை அவர் கைக்கு வந்தது. உச்சவரம்பும் உயர்ந்ததால் 12.3 சதவீதமாக இருந்த அவர் சுமை 2025-26இல் 10.5 ஆகக் குறைந்தது.

என் தீர்ப்பு: கோப்பைக்கு அருகில் இருக்கும் அணிக்கு இந்தச் சூதாட்டம் தகும், அணியை இனிமேல்தான் கட்ட வேண்டியவர்களுக்குத் தகாது. பிற அணி வீரரை எடுக்கும்போது இருந்த ஏழு ஆண்டு வரம்பை, லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட புதிய கூட்டு ஒப்பந்தம் ஆறாகக் குறைக்கிறது. நீங்கள் சிவப்பில் வட்டமிடுபவற்றில் ஓர் ஆண்டு குறையும்.