மீன் தொட்டி ஸ்டாண்டுக்குள் வயர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே மீன் தொட்டிக்கு ஸ்டாண்ட் செய்பவர்கள் எடையைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள். யோசிக்கத்தான் வேண்டும், 200 லிட்டர் தண்ணீரே 200 கிலோ. ஆனால் கதவுக்குப் பின்னால் வயர்கள் எப்படிப் போகும் என்பது பலருக்குத் தொட்டியை ஏற்றிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது. தண்ணீரும் மின்சாரமும் அங்கே ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

மிகப் பெரிய தவறு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அடிப்பலகையில் போட்டுவைப்பது. ஃபில்டர் குழாய் கசிந்தால் தண்ணீர் தேங்குவது அங்கேதான். பாக்ஸைப் பக்கப் பலகையில் உயரமாகத் திருகி மாட்டுங்கள். குழாய் இணைப்புகளுக்கு நேர்க்கீழே மட்டும் வேண்டாம். உயரத்தில் மாட்டினாலும் ஆபத்து முழுதாக நீங்கிவிடாது. தொட்டி விளிம்பில் சிந்தும் துளி வயரைப் பிடித்துக்கொண்டே இறங்கும். வயர் நேராகச் சாக்கெட்டுக்குப் போனால் துளியும் அங்கேயே போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு வயரும் சாக்கெட்டைவிடத் தாழ்ந்து தொங்கி, வளைந்து மேலேறி பிளக்கை அடையட்டும். துளி அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். மின் இணைப்பு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வருகிறதா என்றும் பாருங்கள். இதில் சிக்கனம் கூடவே கூடாது.

அழகுக்காக எல்லா வயர்களையும் ஒரே கட்டாக இறுக்கிவிடுகிறார்கள். பிறகு ஃபில்டரைக் கழுவ வெளியே எடுத்தால் ஹீட்டர் வயரும் சேர்ந்து இழுபடுகிறது. வெல்க்ரோ பட்டையால் தனித்தனியாகக் கட்டுங்கள். பிளக்குகளில் பெயர் எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் மாற்றும்போது முதலில் அணைக்க வேண்டியது ஹீட்டர். தண்ணீர் மட்டம் இறங்கி, ஹீட்டரின் சூடான கண்ணாடி வெளியே தெரியும் நேரத்தில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். அந்த அவசரத்தில் எது எந்த பிளக் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஏர் பம்பைத் தொட்டிக்குக் கீழே வைப்பவர்கள் ட்யூபில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போட மறக்கிறார்கள். மின்சாரம் நின்றதும் தொட்டித் தண்ணீர் ட்யூப் வழியே பம்புக்குள் இறங்கிவிடலாம்.

பின்பக்கத்தை முழுவதும் அடைக்காதீர்கள். அடாப்டர்களின் சூடும் ஈரமும் உள்ளேயே தங்கும். வயருக்கான துளை, பிளக் நுழையும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். எடையைத் தாங்கும் கால்களில் துளை போட வேண்டாம். அறுத்த பிளைவுட் விளிம்புகளுக்கு, துளையின் உள்விளிம்பு உட்பட, பெயின்ட் பூசிவிடுங்கள். இல்லையென்றால் ஈரம் ஏறிப் பலகை உப்பிவிடும்.