நன்னீர்ப் புழு சேகரிப்பவர்கள் செய்யும் தவறுகள்

குப்பியின் மேல் தேதி எழுதுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒரு காலத்தில் நான் அடித்த கூத்தையே புதியவர்களும் அடிப்பதைப் பார்த்து எழுதுகிறேன்.

ஆடும் முனையைப் பிடித்து இழுப்பது

சேற்றிலிருந்து சிவப்பு நூலாக நீண்டு ஆடுவது டியூபிஃபெக்ஸ் என்ற நன்னீர்ப் புழுவின் வால். தலை உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. இடுக்கியால் இழுத்தால் வால் அறுந்து வரும். இனத்தைக் காட்டும் பாலுறுப்புகள் 10, 11-ஆம் கண்டங்களோடு (உடல் வளையங்களோடு) சேற்றிலேயே தங்கிவிடும். வாலை வைத்தே பெயர் சொல்ல இடம் தருவது பிராங்கியூரா சோவெர்பி என்ற இன்னொரு புழு. அதன் வாலில் மேலும் கீழும் செவுள்கள் வரிசைகட்டி நிற்கும். (1892-இல் விலங்கியலாளர் பெடார்ட் அதை விவரித்தது லண்டன் தோட்டமொன்றின் அல்லித் தொட்டிச் சேற்றிலிருந்து. அரிய புழுவுக்காக மலையேறத்தான் வேண்டும் என்பதில்லை.) சேற்றோடு அள்ளுங்கள்.

உயிரோடு ஆல்கஹாலில் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஓர் ஊற்றில் மூன்று நாள் அரித்ததில் முதிர்ந்த புழு ஒன்றே ஒன்று கிடைத்தது. ஸ்லைடில் பார்த்தால், உடலில் அதுவரை நான் கண்டிராத முள் அமைப்பு. பரபரப்பில் அப்படியே அடர் ஆல்கஹாலில் போட்டேன். கடிகாரச் சுருள்போல் இறுகிவிட்டது. நிமிர்த்தப் போனேன், சரியாகப் பத்தாம் கண்டத்தில் முறிந்தது. விந்துகொள்பை, அதாவது இணைப்புழுவிடம் பெற்ற விந்தைச் சேமிக்கும் பை, இருக்கும் இடம் அதுதான். அந்தக் குப்பி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறியோடு.

போன மாதம் ஒரு மாணவர் இதையே செய்தார். "கெட்டுவிடக் கூடாதே என்று அவசரப்பட்டேன் சார்" என்றார். செத்த புழுதான் கெடும். உயிருள்ளது, அது வாழ்ந்த நீரில் குளிர்ச்சியாக வைத்தால் வீடு வரும்வரை காத்திருக்கும்.

முதலில் மயக்குங்கள். தட்டில் அதே நீரை ஊற்றி, சோடா நீரையோ நீர்த்த ஆல்கஹாலையோ சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். ஊசி முனை பட்டும் அசையாத நிலை வரும்வரை பொறுங்கள். கால் மணி நேரம் ஆகும், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். பிறகு தூரிகையால் நீட்டி, வால் நுனியை மட்டும் வெட்டி 95 சதவீத ஆல்கஹாலில் இடுங்கள், அது டி.என்.ஏ.வுக்கு. தலைப்பகுதி ஃபார்மலினுக்கு. முழுப் புழுவும் ஃபார்மலினுக்குப் போனால் உடல் அழகாக நிற்கும், டி.என்.ஏ. சிதைந்துவிடும்.

பெரிய கண் சல்லடை

அரை மில்லிமீட்டர் கண்ணில் சிறு புழுக்கள் நழுவிவிடும். கால் மில்லிமீட்டர் வாங்குங்கள்.

முதிராத புழுவைப் புதிய இனம் என்பது

வேண்டாம்.