கழற்ற வேண்டாம், முதலில் அளந்து பாருங்கள்

கல்லடியில் எங்கள் வளவு முழுக்க மணல். காலையில் தண்ணீர் விட்டால் பின்னேரம் கொச்சிக்காய்க் கன்று வாடிப்போகும். அதனால்தான் பத்தாம் ஆண்டில், மண் காய்ந்தால் தானாகத் தண்ணீர் விடும் கருவி ஒன்றைக் கண்காட்சிக்குச் செய்தேன். வீட்டு மேசையில் யூஎஸ்பி வயரில் நன்றாக ஓடியது. கண்காட்சியன்று 9 வோல்ட் பற்றறியில் போட்டேன். மோட்டரைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே 'டிக்' என்றது, தண்ணீர் விடும் மோட்டர் அரைச் சுற்றுச் சுற்றியது, புரோகிராமை ஓட்டும் சின்னக் கணினிப் போர்டான அர்டுயினோ அணைந்து திரும்ப எழும்பியது. மறுபடி 'டிக்'. நடுவர்கள் நின்ற நேரம் முழுக்க அந்தச் சத்தம்தான்.

அன்றிரவு அழுதுகொண்டே எல்லா வயரையும் பிடுங்கி எறிந்தேன். நான் செய்த பெரிய பிழை அதுதான். காரணம் தேட ஒன்றுமே மிஞ்சவில்லை.

இப்போது பிள்ளைகள் "அக்கா, இது வேலை செய்யுதில்ல" என்று வந்தால், எதையும் தொடவிடமாட்டேன். முதலில் போனில் படம் எடுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். பிறகு கொப்பியில் நடந்ததை எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் பயனில்லை. "ரிலே இழுக்கிறது, மோட்டர் தொடங்கியதும் போர்டு அணைந்து எழும்புகிறது" என்று எழுதுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது: புரோகிராம் ரிலே வரை சரியாக வந்துவிட்டது, மோட்டர் இழுக்கும் கரண்டைத்தான் பற்றறி தாங்கவில்லை.

அப்புறம் வோல்ட் அளக்கும் மல்டிமீற்றர். மோட்டர் ஓடும்போதே அளக்க வேண்டும். சும்மா இருந்த என் பற்றறி 9 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மோட்டர் இழுத்ததும் 6க்குக் கீழே போனது. என் அர்டுயினோ ஊனோ வகை, அந்தப் போர்டின் பற்றறி வாசலுக்குக் குறைந்தது 7 வோல்ட் வேண்டும். அந்தச் சின்னச் சதுரப் பற்றறி மோட்டர் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. நான் மோட்டருக்கு மட்டும் ஏஏ பற்றறி 4 தனியாகக் கொடுத்தேன், 'டிக் டிக்' நின்றது. (ரிலேக்குப் பதில் டிரான்சிஸ்டர் என்ற சின்ன மின்னணு சுவிட்சைப் போடுவதென்றால் போர்டு பக்கத்து மைனஸையும் மோட்டர் பற்றறியின் மைனஸையும் ஒன்றாகச் சேர்க்க மறக்கக் கூடாது.) அடுத்து மோட்டருக்குக் குறுக்கே, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் 4007 டயோட், அதன் வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். மோட்டர் நிற்கும்போது எழும்பும் மின் உதறலை அது வாங்கிக்கொள்ளும்.

அதோடு முடியவில்லை. சில நாளில் மண்ணின் ஈரம் பார்க்கக் குத்திய சென்சர்க் கம்பி பச்சை பிடித்து அரித்துப்போனது. ஈரமண்ணில் எந்நேரமும் கரண்ட் ஓடினால் அப்படித்தான். சென்சருக்குரிய பிளஸை போர்டில் புரோகிராம் போட்டு அணைக்கக்கூடிய ஒரு டிஜிட்டல் பின்னில் கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை ஒரு நொடி மட்டும் போட்டு வாசித்தேன். புதுக் கம்பி கார்த்திகை மழை தொடங்கும் வரை தாங்கியது.