கம்பைல் ஆனால் மட்டும் போதாது: ஜெனரிக் டைப் இன்ஃபரன்ஸைச் சோதிக்கும் விதம்

ஒரே ஃபங்ஷன் எண், உரை என்று பல டைப்களுக்கும் வேலை செய்தால் அது ஜெனரிக். நாம் எழுதாத டைப்பைக் கம்பைலரே கண்டுபிடிப்பது டைப் இன்ஃபரன்ஸ். நான் எழுதிய முதல் கம்பைலரில் ஜெனரிக் டெஸ்ட்கள் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தன. மொழியைப் பயன்படுத்திப் பார்த்த நண்பர் ஒருவர் இரண்டே வரி அனுப்பினார்:

அதுவே(5)
அதுவே("வணக்கம்")

‘அதுவே’ கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும் ஃபங்ஷன். அதன் டைப் அ → அ, அதாவது எந்த டைப் ‘அ’ உள்ளே போனாலும் அதே டைப் திரும்பும். முதல் வரி போய்விட்டது. இரண்டாவதில் “எண் வேண்டும், உரை வந்திருக்கிறது” என்று எரர். அழைப்புக்கு அழைப்பு ‘அ’வைப் புதிதாக உருவாக்க வேண்டும். நான் ஒரே ‘அ’வை எல்லோருக்கும் பகிர்ந்திருந்தேன், முதல் அழைப்பு அதை எண்ணோடு முடிச்சுப் போட்டுவிட்டது. டெஸ்ட்டில் ஏன் சிக்கவில்லை? கோப்புக்கு ஓர் அழைப்பு என்று அழகாகப் பிரித்து வைத்திருந்தேன், அதனால்தான்.

ஆகவே முதல் வேலை இது: ஒவ்வொரு ஜெனரிக் ஃபங்ஷனையும் ஒரே கோப்பில் இரண்டு வெவ்வேறு டைப்களோடு கூப்பிடுங்கள். அப்புறம் அதற்குள்ளேயே அதை நுழையுங்கள்: அதுவே(அதுவே)(5).

அடுத்தது, நான் ரொம்பத் தாமதமாகப் புரிந்துகொண்ட விஷயம். ‘கம்பைல் ஆகிறதா’ என்பது இன்ஃபரன்ஸுக்கான டெஸ்டே இல்லை. கண்டுபிடிக்க முடியாத இடத்தில் கம்பைலர் சத்தமில்லாமல் ‘எதுவும்’ என்ற டைப்பைக் கொடுத்துவிட்டால் எல்லாமே கம்பைல் ஆகும். சரி, டைப்பை எழுதிச் சரிபார்க்கலாமே என்று இப்படி எழுதுவோம்:

மாறி ப: பட்டியல்<எண்> = காலி()

‘காலி’ என்பது காலிப் பட்டியல் தரும் ஃபங்ஷன். இங்கே இடதுபக்கம் நாம் எழுதிய டைப்பே வலதுபக்கத்துக்கு விடையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. ஜாவாவில் 2014இல் வந்த 8ஆம் பதிப்பு முதல் இப்படிப்பட்ட துப்பு மெத்தடுக்குக் கொடுக்கும் ஆர்க்யுமென்ட் வரைக்கும் பாய்கிறது. அந்தப் பாதைக்கும் டெஸ்ட் வேண்டும்தான், ஆனால் அது வேறு டெஸ்ட்.

கம்பைலரையே கேட்பதுதான் நேர்வழி. பைத்தான் 3.11இல் இதற்காகவே ‘ரிவீல் டைப்’, ‘அசெர்ட் டைப்’ என்று இரண்டு வந்தன. முதலாவது கண்டுபிடித்த டைப்பைச் சொல்லும், இரண்டாவது அது அச்சு அசலாகப் பொருந்துகிறதா என்று பார்க்கும். உங்கள் கம்பைலரிலும் இப்படி ஓர் உள் ஃபங்ஷன் வையுங்கள், அரைநாள் வேலை. இன்னொரு வழி டைப்ஸ்கிரிப்ட் குழு செய்வது: டெஸ்ட்டில் உள்ள எக்ஸ்பிரஷன்களின் டைப்களைத் தனிக் கோப்பில் எழுதிவைத்து, அடுத்த முறை அதோடு ஒப்பிடுகிறார்கள். இதைச் செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே ‘?417’ என்று எண் போட்ட டைப் மாறிகளை அப்படியே அச்சிடாதீர்கள். வரும் வரிசையில் அ, ஆ, இ என்று பெயர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் லைப்ரரியில் ஒரு வரி சேர்த்ததற்கு எல்லாக் கோப்புகளும் மாறும், நீங்களும் படிக்காமலே ‘ஏற்றுக்கொள்’ அழுத்துவீர்கள். நான் அழுத்தியிருக்கிறேன்.

எனக்கு அதிக பக் பிடித்துக் கொடுத்தது, விடை தெரியாமலே சோதிக்கும் முறை. கம்பைலர் கண்டுபிடித்த டைப்பை எடுத்து நிரலில் வெளிப்படையாக எழுதி மறுபடி கம்பைல் செய்யுங்கள். எரரும் வரக்கூடாது, டைப்பும் மாறக்கூடாது. அப்புறம் வரிசையை மாற்றுங்கள். ‘பெரியது’ என்ற ஃபங்ஷன் இரண்டு அ வாங்கி ஓர் அ தருகிறது என்றால், பெரியது(2.5, 1) போய், பெரியது(1, 2.5) “முழு எண் வேண்டும்” என்று அடம் பிடிக்கிறதா பாருங்கள். லாம்டாவை, அதாவது பெயரில்லாத ஃபங்ஷனை, முதல் ஆர்க்யுமென்டாகவும் கடைசியாகவும் வைத்துப் பாருங்கள். எஃப் ஷார்ப் மொழியில் இன்ஃபரன்ஸ் இடமிருந்து வலம் போவதால், பட்டியலைப் பைப் மூலம் முன்னால் அனுப்பினால் போகிற லாம்டா, பட்டியல் பின்னால் வந்தால் திணறும். அங்கே அது தெரிந்தே செய்த முடிவு. உங்கள் மொழியிலும் அப்படியென்றால், அதையும் டெஸ்ட்டாக எழுதிப் பூட்டிவிடுங்கள்.

தோற்க வேண்டிய நிரல்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். குறைந்தது மூன்று வேண்டும். ஒன்று, எக்ஸ்(எக்ஸ்) என்று தன்னையே கூப்பிடுவது. ‘அ’வுக்குள்ளேயே ‘அ’ வரும், அதைத் தடுக்காவிட்டால் கம்பைலர் முடிவில்லாமல் சுற்றும், அதனால் நேர வரம்பும் வையுங்கள். இரண்டு, எந்தத் துப்பும் இல்லாத காலி(). டைப்பை எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும், தானாக ஊகிக்கக் கூடாது. மூன்று, மாற்றக்கூடிய பெட்டிக்குள் காலிப் பட்டியலை வைத்து, எண்ணைப் போட்டு, உரையாக எடுப்பது. இது கம்பைல் ஆனால் டைப் சிஸ்டத்திலேயே ஓட்டை. ஸ்டாண்டர்ட் எம்எல் மொழி 1997 திருத்தத்தில் இதை அடைக்கும் வழியாக, மதிப்புகளை மட்டுமே பொதுமைப்படுத்தலாம் (ஜெனரிக் ஆக்கலாம்) என்ற விதியைக் கொண்டுவந்தது. எரர் எந்த வரியில் வரவேண்டும் என்பதையும் டெஸ்ட்டில் குறியுங்கள். ரஸ்ட்டின் டெஸ்ட் கோப்புகளில் அந்தந்த வரி ஓரத்திலேயே கமென்டாக இருக்கும்.

வேகத்துக்கு ஒரே ஒரு டெஸ்ட் போதும். ஜ1 = (ஜ0, ஜ0), ஜ2 = (ஜ1, ஜ1) என்று 20 வரி எழுதுங்கள். கடைசி டைப்பை முழுதாக விரித்தால் ஜ0வின் டைப் 10,48,576 முறை வரும். உள்ளே ஒரே டைப்பைப் பிரதி எடுக்காமல் பகிர்ந்து வைத்திருந்தால் இன்ஃபரன்ஸ் நொடியில் முடியும். என்னுடையது முடிந்தது, அந்த டைப்பை எரர் செய்தியில் அச்சிடப் போய்த்தான் மெமரி தீர்ந்தது.