மெக்சிகோ சுவரோவியம்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோ சுவரோவியம், அதாவது 1910இல் தொடங்கிய புரட்சிக்குப் பிறகு பொதுக் கட்டடச் சுவர்களில் வரைந்த பெரிய ஓவியங்கள், என்றதும் அரிவாள் சுத்தியல், விவசாயி, புரட்சி என்றுதான் பேச்சு போகும். அதிலுள்ள பிரம்மஞானம் (தியோசஃபி), ரோசிக்ருசியன் (மறைஞானம் பேசும் ஐரோப்பிய மரபு) சங்கதிகள் கண்ணில் படுவதே இல்லை. டியேகோ ரிவேரா மெக்சிகோ நகரத் தேசிய ஆயத்தப் பள்ளி அரங்கில் வரைந்த ‘படைப்பு’ (1922–23) ஓவியத்தை நிதானமாகப் பாருங்கள். உச்சியில் நட்சத்திரங்கள் பதித்த நீல அரைவட்டம். அதன் ஒளிக்கதிர்கள் விரல் நீட்டிய கைகளாக முடிகின்றன. நடுவே மரத்திலிருந்து கைவிரித்து எழும் மனிதன். இருபுறமும் கலைகளும் நற்குணங்களும் மனித உருவில், தங்க ஒளிவட்டத்தோடு. துப்பாக்கி ஒன்றுகூட இல்லை.

உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்து, எல்லாமே ரகசியக் குழுவின் சங்கேதம் என்று கிளம்பிவிடக் கூடாது. யூடியூபில் இந்த வியாதி ஜாஸ்தி. ஒளிவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ரிவேரா ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்புமுன் இத்தாலி போய், பழைய தேவாலயங்களில் புனிதர்களை ஒளிவட்டத்தோடு காட்டும் பைசாந்தியப் பாணி மொசைக்குகளைப் பார்த்தவர். தவிர, இதில் ஒளித்து வைக்க என்ன இருந்தது? வரையச் சொன்னதே அரசு. கல்வி அமைச்சர் ஹோசே வாஸ்கொன்செலோஸ் பித்தாகரஸ் பற்றியும் இந்தியத் தத்துவம் பற்றியும் நூல் எழுதியவர். அமைச்சகத்தின் முற்றத்தில் பிளேட்டோ, கெட்சால்கோட்ல் (பழைய மெக்சிகோவின் இறகுப் பாம்புக் கடவுள்) வரிசையில் புத்தரையும் செதுக்க வைத்தார். புரட்சியைத் தொடங்கி வைத்த பிரான்சிஸ்கோ மதேரோவோ 1911இல் ஆவியுலகக் கையேடு ஒன்றை வெளியிட்டார். புனைபெயர் ‘பீமா’. சாட்சாத் நம்ம மகாபாரத பீமன்தான்!

‘ரிவேரா கம்யூனிஸ்ட் ஆச்சே, அவருக்கு ஏன் இதெல்லாம்?’ என்று கேட்பதிலும் அர்த்தமில்லை. 1920களில் கட்சியிலும் இருந்தார், ‘கெட்சால்கோட்ல்’ என்ற ரோசிக்ருசியன் அமைப்பிலும் இருந்தார். 1954இல் கட்சிக்குத் திரும்ப விண்ணப்பித்தபோது, அமெரிக்கர்களை வேவு பார்க்கவே அந்த ரோசிக்ருசியன் அமைப்பில் சேர்ந்ததாக விளக்கம் கொடுத்தார். அப்படியே நம்பிவிடாதீர்கள். கட்சி வாசலில் நிற்பவர் வேறென்ன சொல்வார்?

அப்புறம், எல்லா ஓவியரையும் ஒரே தட்டில் வைப்பது. இன்னொரு மெக்சிகோ சுவரோவியர் ஒரோஸ்கோ 1930–31இல் நியூயார்க்கின் நியூ ஸ்கூல் என்ற கல்வி நிறுவனத்தில் வரைந்த சுவர்களில் கோணங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். அவை மந்திரச் சக்கரம் அல்ல; கிரேக்கக் கலையின் விகிதங்களை ஆராய்ந்த ஜே ஹாம்பிட்ஜின் வடிவக்கணிதத்தில் போட்ட கட்டமைப்பு. அதே அறையில் லெனினும் இருக்கிறார், காந்தியும் இருக்கிறார்.