வினாடி வினா வைத்து மின்னஞ்சல் முகவரி சேர்ப்பது எப்படி?

கேள்விகளை எழுதுவதற்கு முன், பதில் சொல்பவருக்குக் கடைசியில் காட்டும் முடிவுகளை எழுதுங்கள். எந்த வாடிக்கையாளர் வந்தாலும் நான் இப்படித்தான் தொடங்குவேன். தோல் பராமரிப்புப் பொருள் விற்பவர் என்றால் வறண்ட தோல், எண்ணெய்ப் பசை, இரண்டும் கலந்தது என்று மூன்று முடிவுகள் போதும். ஒரு முடிவுக்கென்று தனி மடல் எழுத முடியவில்லையா? அந்த முடிவே வேண்டாம்.

கேள்விகள் ஆறேழைத் தாண்ட வேண்டாம். "உங்கள் தோல் எப்படிப்பட்டது?" என்று கேட்காதீர்கள், அது தெரியாமல்தானே வந்திருக்கிறார்! "முகம் கழுவிய சற்று நேரத்தில் கன்னம் இழுத்துப் பிடிக்கிறதா?" என்று கேளுங்கள். பதில் சட்டென்று வரும்.

முகவரி தந்தால்தான் முடிவு என்று பலர் கதவடைத்து நிற்பார்கள். எனக்கு அந்தப் பேரம் பிடிக்காது. போலி முகவரிகள்தான் குவியும். தோல் வகையைத் திரையிலேயே சொல்லிவிடுங்கள். காலை, மாலைப் பராமரிப்பு அட்டவணை வேண்டுமென்றால் முகவரி கேளுங்கள். தொலைபேசி எண்ணெல்லாம் எதற்கு?

விளம்பர மடலுக்கான சம்மதப் பெட்டியில் நீங்களே டிக் போட்டு வைக்காதீர்கள். 2018 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி அது சம்மதமே ஆகாது. உறுதிப்படுத்தும் இணைப்பை அனுப்பி, அதை அழுத்தியவர்களை மட்டும் பட்டியலில் சேருங்கள்.

டைப்ஃபார்ம் போன்ற வினாடி வினா உருவாக்கும் கருவியை, மடல் அனுப்பும் சேவையான மெயில்சிம்ப்புடன் இணைத்து, விடைக்கேற்ற குறிச்சொல்லோடு முகவரி பதிவாகும்படி அமைக்கலாம். இதில் சோம்பல் கூடாது. வறண்ட தோல்காரருக்கு எண்ணெய்ப் பசை நீக்கும் சோப்பு விளம்பரம் போனால் அன்றே விலகிவிடுவார்.