குழந்தையின் பேச்சு, மொழிக் குறைபாட்டை மதிப்பிடுவது எப்படி?

இரண்டு வயதாகியும் பேச்சு வராத குழந்தையைக் குறித்துத் தாய் கவலைப்படும்போது, “இவன் அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்” என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வதும், நாக்கில் வசம்பையும் தேனையும் தடவிப் பார்ப்பதும் இன்றும் நடக்கின்றன. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுப்பதே ஆபத்து. அதைவிட, மொழியை மிக எளிதாகப் பற்றிக்கொள்ளும் ஆண்டுகள் இந்தக் காத்திருப்பில் கழிந்துவிடுகின்றன. இத்துறைக்குப் புதிதாக வரும் பேச்சுப் பயிற்சியாளர்களுக்காக எழுதப்படும் இந்த வழிகாட்டியைப் பெற்றோரும் படிக்கலாம்.

முதலில் செவித்திறனைப் பரிசோதிக்க வேண்டும். “தட்டு கீழே விழுந்தால் திரும்பிப் பார்க்கிறானே” என்று பெற்றோர் சொல்வதை வைத்து இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. தட்டு விழும் ஓசை மிகப் பலமானது. நடுத்தர அளவில் செவித்திறன் குறைந்த குழந்தைக்கும் அது கேட்கும், பேச்சின் மெல்லிய ஒலிகள்தாம் கேட்காமல் போகும். ஓ.ஏ.இ. சோதனை உட்செவியின் செயல்பாட்டையும், பெரா சோதனை செவி நரம்பு வழியே ஒலி மூளைத்தண்டு வரை செல்வதையும் காட்டும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தையானால் நடுச்செவியில் நீர் தேங்கியுள்ளதா என்பதையும் காது மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அடுத்து வளர்ச்சி வரலாறு. பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலிகளும், விரல் நீட்டிக் காட்டுதல், கையசைத்தல் போன்ற சைகைகளும் இருந்தனவா, பதினாறு மாதத்தில் தனிச்சொல் வந்ததா, இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் தா” எனச் சொந்தமாக இரு சொற்களைச் சேர்த்ததா என்று கேட்க வேண்டும். முன்பு பேசிய சொற்கள் மறைந்துபோயிருந்தால், எந்த வயதானாலும் குழந்தை நல மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டும். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குழந்தைக்கு இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இருமொழிச் சூழல் குறைபாட்டை உண்டாக்குவதில்லை.

மதிப்பீட்டில் அதிகம் ஏமாற்றுவது புரிதல்தான். பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி “செருப்ப எடுத்துட்டு வா” என்று தாய் சொன்னால், சொற்கள் விளங்காத குழந்தையும் செருப்பை எடுத்து வரும். சூழலே அதற்குச் சொல்லிவிடுகிறது. ஆகவே கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பொருளைப் பார்க்காமல், பந்து, கிண்ணம், கரடி, பொம்மை எனப் பலவற்றைப் பரப்பிவைத்து, “பந்த கரடிகிட்ட குடு” என்று கேட்க வேண்டும். பள்ளி வயதுக் குழந்தையிடம் நாய், பூனை பொம்மைகளைத் தந்து, “நாய் பூனைய துரத்துது”, “நாயை பூனை துரத்துது” என்ற இரண்டையும் செய்துகாட்டச் சொல்லலாம். இரண்டிலும் நாயே முதலில் வருகிறது. வேற்றுமை உருபைக் கவனிக்காமல் சொல் வரிசையை மட்டுமே நம்பும் குழந்தை இரண்டு முறையும் நாய் பூனையைத் துரத்துவதாகவே செய்துகாட்டும்.

பேச்சைப் பதிவுசெய்யும்போது பாடநூல் தமிழைத் தவிர்த்து, வீட்டில் பேசும் தமிழிலேயே விளையாட வேண்டும். ஐம்பது கூற்றுகளாவது கிடைக்கும்வரை, கேள்விகளைக் குறைத்துக் குழந்தையின் விளையாட்டுக்கு ஏற்பப் பேசினால் இயல்பான பேச்சு வரும். தமிழில் சொற்களை மட்டும் எண்ணுவது போதாது. “பாட்டி வீட்டுக்கு” என்பதில் உள்ள உருபும், “வந்துட்டேன்” என்பதில் உள்ள காலமும் தன்மையைக் காட்டும் விகுதியும் தனித்தனியே கணக்கில் வர வேண்டும்.

உச்சரிப்பில் ஒரு தவறை மட்டும் பார்க்காமல் தவறுகளின் ஒழுங்கைத் தேட வேண்டும். காகத்தைக் காட்டி “தாத்தா” என்னும் குழந்தை, கண்ணைத் “தண்ணு” என்றும் சொன்னால், அது ககரத்தை முன்நாக்கு ஒலியாக மாற்றுகிறது. மூன்று வயதில் இது பெரும்பாலும் இயல்பு; நான்கைக் கடந்தும் நீடித்தால் பயிற்சி தேவை. ர, ற, ழ ஆகியவை தாமதமாகவே கைவரும். வீட்டில் எல்லோரும் “வாளப்பளம்” என்றே சொல்லும் குழந்தைக்கு அது வட்டார வழக்கு, குறைபாடன்று.

வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணப் பிளவு உண்டா, நாவசைவு எப்படி என்று பார்த்தால் போதும். நாக்கு ஒட்டியிருப்பது மொழி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. திக்கல் இருந்தால் எத்தனை முறை என்பதோடு முகத்தில் இறுக்கம், கண் சிமிட்டல், பேசத் தயங்குதல் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அறிக்கையில் குறைபாட்டின் பெயரைக் குறிப்பதோடு நிறுத்தாமல், குழந்தை தானாகச் செய்வதையும் சிறு உதவியோடு செய்வதையும் எடுத்துக்காட்டுகளுடன் எழுத வேண்டும். பயிற்சி அங்கிருந்தே தொடங்கும். தமிழகத்தில் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களுக்கும், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனத்துக்கும் பெற்றோரை வழிகாட்டலாம். தனியாரிடம் செல்வோர், நிபுணர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பது அவர்களின் உரிமை. அடுத்த மதிப்பீட்டுத் தேதியையும் அறிக்கையிலேயே எழுதித் தர வேண்டும்.